புகைபோக்கிக்குள் இருவர்

நிலம் ஓய்ந்து ஒரு நிமிடமாகியும் தூக்குக்குண்டு நிற்கவில்லை.

வடக்குச் சிலியின் கடலோரச் செம்பு உருக்காலையில், பெரிய நிலநடுக்கத்தன்று உலையை அணைத்தபின் ஓய்ந்திருந்த நூற்றிருபது மீட்டர் புகைபோக்கிக்குள், முப்பத்தைந்து மீட்டர் உயரத்து இரும்பு மேடையில் நின்று நிக்கனோர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கிய குண்டு மெல்ல மேற்கே போய், மெல்லத் திரும்பியது. கந்தக நெடி தொண்டையை அறுத்தது. மேலே எங்கோ பெயர்ந்த காரைத்துகள் சுவரில் உரசி உரசி இறங்கி, தன் தோளில் விழும்வரை அவருக்குக் கேட்டது.

"அஞ்சு புள்ளி ரெண்டு. நீ சொல்லு மச்சான்," என்றான் எலிசெயோ, அவர் மனைவியின் தம்பி.

அந்தக் கடற்கரையில் ஆறுக்குக் குறைந்த அதிர்வுக்கு யாரும் நாற்காலியை விட்டு எழுவதில்லை. ரிக்டர் எண்ணை ஊகிப்பார்கள், தோற்றவர் எம்பனாடா என்ற இறைச்சிப் பலகாரம் வாங்கித் தரவேண்டும். நிக்கனோர் காலாலேயே சரியாகச் சொல்லிவிடுவார். ஆனால் கால் அறிவது நிலத்தை மட்டும். நிலம் நின்ற பிறகும் இவ்வளவு உயரமான தூண் தன்பாட்டில் ஆடும். மேற்கே சாய்ந்து திரும்ப மூன்று வினாடி. சாயும்போது கிழக்குச் சுவர் இழுபடும். கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதற்குத்தான் உள்ளே கம்பிகள். ஆனால் உலைப்புகை நுழைவதற்காக இங்கே கிழக்குச் சுவரில் பெரிய வாசல் விட்டிருந்தார்கள். அதன் மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பியிருந்தது. ஓரிடத்தில் காரை உதிர்ந்து உள்ளங்கை நுழையும் பொந்து. அதன் வழியே காலை வெயில்.

நாளை உலை மூட்டவேண்டும். கம்பிகள் முழுசாக இருக்கின்றனவா என்று மேலாளர் கேட்டிருந்தார்.

"தொட்டுப் பாத்துடறேன்."

"ஆட்டம் நிக்கட்டும்டா."

"இது ஒரு ஆட்டமா? எங்கக்கா தொட்டிலை இதவிட வேகமா ஆட்டுவா."

பொந்துக்குள் மணிக்கட்டுவரை கையை விட்டான். ஒன்று அறுந்திருக்கிறது, ஒன்று கொக்கிபோல் வளைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

தூண் திரும்பியது. விரிசல் மூடியது.

கொட்டை உடைவதுபோல் ஒரு சத்தம். அலறல் குழாய்க்குள் ஏறி, உச்சியைத் தொட்டு, வேறு யாரோ கத்துவதுபோல் இறங்கிவந்தது. சுவரில் ரத்தம் அகலமாக வழிந்தது.

மூன்று வினாடியில் திறக்கும். நிக்கனோருக்குத் தெரியும். அவன் இடுப்பைப் பிடித்துக் காத்திருந்தார். திறந்தது. இழுத்தார். வரவில்லை. வளைந்த கம்பி எலும்புகளுக்கிடையில் ஏறி மாட்டியிருந்தது. மூடியது. மறுபடி எலும்பு.

அப்போது நிலம் குலுங்கியது. புதிதாக. எந்த எண்ணும் தோன்றவில்லை.

துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு கம்பி அறுந்தது. இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

"அறுத்துடு, மச்சான்," என்றான் எலிசெயோ. குரல் அமைதியாக இருந்தது. "கம்பியை இல்ல."

நிக்கனோர் இரும்பறுக்கும் வாளை எடுத்தார். மணிக்கட்டில் வைத்தார். இழுத்தார். தோல். நரம்பு. வாளின் பல் எலும்பில் வழுக்கியது. இழுத்தார்.

வெளிச்சம் கூடியது.

நிமிர்ந்து பார்த்தார். விரிசல் இருபக்கமும் சுவரைச் சுற்றி ஓடியிருந்தது. மேற்கே ஒரு முழம் மட்டும் இருட்டு. தூண் மேற்கே சாய்ந்தது. மூன்று வினாடி. நான்கு. ஐந்து.

திரும்பவில்லை.

மேலிருந்த எண்பத்தைந்து மீட்டர் கான்கிரீட்டின் கிழக்கு விளிம்பு சத்தமின்றிப் பிளந்து எழ, அதில் மாட்டிய கையோடு எலிசெயோவின் குதிகால்கள் மேடையைவிட்டு மெல்ல மேலெழும்பின.