ஜெர்மன் தொரை பேர் கூப்பிடும் நேரம்

சோளகக் காற்று அடங்கி, கடலில் பட்டம் பிடித்துச் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் ஊர் திரும்பிய பிறகுதான் ஸுஹைரா குறிஞ்சிப்பிட்டி விடுதிக்கு வேலைக்கு வந்தாள். ஆளில்லாத பழைய வீடு. கூட்டித் துடைத்து, அங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலாளி அம்ஜத் சாவியைக் கொடுத்துவிட்டு நடுக்கூடத்துச் சுவரிலிருந்த படங்களைக் காட்டினான்.

“இவர்தான் இங்க இருந்த ஜெர்மன் தொரை. இப்பவும் பொழுதுபட, மஃரிபுக்குக் கொஞ்சம் முந்தி விறாந்தையில நிண்டு பேர் கூப்பிடுவாராம். பயப்பட வாணாம் ராத்தா, ஒருத்தரையும் ஒண்டும் செய்ய மாட்டார்.”

சிரித்தபடி மோட்டார் சைக்கிளில் ஏறினான். சிரிக்கிறவனுக்கு என்ன, அவன் தில்லையடி வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வான்.

சுவரில் வரிசையாகப் படங்கள். முதலாவதில் மீசை முளைக்காத லெப்டினன்ட், முதலாம் உலகப் போருக்குப் புறப்படுகிற பெருமை முகமெல்லாம். அடுத்ததில் தலையில் கட்டு, நெஞ்சில் பதக்கம், தோற்றுப்போனவனின் கண். அதற்கடுத்து அவரே பதவி உயர்ந்து நரைத்த கேணல். இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. பக்கத்தில் அதே சீருடையில் மகன் எரிக்.

கடைசிப் படத்தில் கேணல் மட்டும்.

ரஷ்யப் பனியில் ஒரு பாலத்தை விட்டு அசையக்கூடாதென்று மகனுடைய அணிக்கு உத்தரவு போட்டது அவரேதானாம். ஒருத்தனும் திரும்பவில்லை, உடம்புகூடக் கிடைக்கவில்லை. போர் முடிந்து, சிறையும் முடிந்து, கப்பலேறி இந்தக் கரைக்கு வந்தவர், சாகும்வரை பின்னேரமானால் அந்தப் பிள்ளைகளின் பேர்களைக் கூப்பிட்டாராம். அம்ஜத் இதையெல்லாம் வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனான். ஸுஹைராவுக்கு உடம்பு கிடைக்காத கதையில் என்ன வேடிக்கை?

அவளுடைய மகன் அர்கம் பள்ளிவாசல்துறையிலிருந்து கடலுக்குப் போனவன். படகு மட்டும் மிதந்து வந்தது. உடம்பில்லாமலே காயிப் ஜனாஸா தொழுதுவிடுவோம் என்று ஊரே சொல்லியும் அவள் விடவில்லை. ஏனென்றால் அவனை இந்தியாவில் ஒரு சிறையில் யாரோ கண்டதாகத் தம்பி ஸப்ரான் சொல்லியிருந்தான். அந்த ஒரு சொல்லில்தான் அவள் உயிரோடு இருந்தாள்.

அன்று பின்னேரம் தென்னைகளுக்குப் பின்னால் வெளிச்சம் வற்றியது. காற்று நின்றது. உப்பு வாடைக்கு நடுவே சுருட்டு மணமும் நனைந்த கம்பளி மணமும் வந்தன.

விறாந்தையில் சப்பாத்துச் சத்தம்.

பிறகு குரல், கிழட்டுக் குரல். ஒரு பேர் சொல்லும், கொஞ்சம் பொறுக்கும், அடுத்த பேர் சொல்லும். கதவிடுக்கால் பார்த்தாள். விறாந்தை வெறுமையாகக் கிடந்தது.

“எரிக்.”

இதற்கு மட்டும் நெடுநேரம் பொறுத்தது.

“எரிக்?”

யா அல்லாஹ், அந்தக் குரல்! வாசற்படலையில் நின்று அவள் கடலைப் பார்த்துக் கூப்பிட்ட அதே குரல். அர்கம் மத்ரஸாவில் ஓதிய காலத்தில், பேர் வாசிக்கும்போது வராத கூட்டாளிக்குப் பதிலாக ‘ஹாழிர்’, வந்திருக்கிறேன் என்று சொல்லிப் பிடிபட்டவன். ஏசினால், “பாவம் உம்மா அவன்” என்பான். அந்த நினைவா, என்ன இழவோ, அவள் வாயும் திறந்துவிட்டது.

“ஹாழிர்.”

குரல் நின்றது.

சப்பாத்துகள் உள்ளே ஓடிவந்தன.

அறை அறையாகக் கதவு திறந்தது. அலுமாரி திறந்தது. நுளம்புவலை தானாக உயர்ந்து விழுந்தது. “எரிக்! எரிக்!” என்று அந்தக் கிழவர் சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோஷத்தில் தேடினார். ஸுஹைரா குசினி மூலையில் குந்திக்கொண்டாள். பயத்தைவிட அந்தச் சந்தோஷம்தான் அவளைக் கொன்றது. படலையில் சைக்கிள் சத்தம் கேட்டாலே அவளும் இப்படித்தானே ஓடுவாள்!

விடிந்ததும் ஸப்ரானுக்கு அழைப்பெடுத்தாள். “தம்பி, அல்லாஹ்வுக்காகச் சொல்லுங்க. அர்கமைக் கண்டது யாரு?”

அந்தப்பக்கம் அழுகை. “ராத்தா... நீங்க சாப்பிடாமக் கிடந்தீங்க. பாவமா இருந்துச்சி.”

அவளுக்கு ஏச மனம் வரவில்லை. “இந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பொறகு ஜனாஸா தொழச் சொல்லுங்க” என்றாள்.

தொழுதார்கள். அன்று பின்னேரமே வேண்டாம் வேண்டாமென்று தடுத்த தம்பியை விலக்கிவிட்டு விடுதிக்குத் திரும்பினாள். உள்ளே இன்னும் கதவுகள் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

“தொரை,” என்றாள். “எரிக் வரல்ல. நான்தான் பொய் சொன்னேன். உங்கட மகன் மவுத்து. என்ட மகனும் மவுத்து.”

கதவுகள் நின்றன.

விறாந்தைப் பிரம்புக் கதிரை கிறீச்சிட்டது, யாரோ பாரமாக உட்கார்ந்தது போல.

அவள் விளக்கைக் கொளுத்தி, மஃரிபைத் தொழுது, சோற்றைக் கோப்பையில் போட்டாள். இத்தனை வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்குமா?

“அர்கம்! சோறு ஆறுது, வாங்க மகன்!”

சொன்ன பிறகுதான் உறைத்தது. சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

விறாந்தையில் கதிரை மெல்ல அசைந்தது. பழகாத சொல்லில் தட்டித் தடுமாறி, அந்தக் கிழட்டுக் குரல் பதில் சொன்னது.

“ஹாழிர்.”