பின்படிக்கட்டில் பதினொரு நிமிடம்

ஓர் உயிரின் விலை, என் தொழிலில், ஒரு கையெழுத்து. அதிலும் பேரம் பேசுவார்கள்.

கரண்ட் போனால் வெளியேறும் வழியைக் காட்டும் அவசர விளக்குகளைச் சோதிப்பவன் நான். வருடத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் மூன்று மணி நேரம் எரிகிறதா என்று கூடவே இருந்து பார்த்து, பதிவேட்டில் எழுத வேண்டும். இருந்து பார்த்து எழுத முழுக் கூலி. பார்க்காமல் எழுதப் பாதி. எல்லோரும் பாதியைத்தான் கேட்டார்கள். நானும் முகம் கோணாமல் எழுதினேன்.

அந்தத் தையல் தொழிற்சாலைக்கும் அப்படித்தான் எழுதினேன். போன வருடம் தீப்பிடித்தபோது பின்படிக்கட்டு விளக்குகள் பதினொரு நிமிடம் எரிந்தன. கதவு பூட்டியிருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஏழு பேர். பதிவேடும் எரிந்ததால் நான் தப்பினேன்.

திங்கட்கிழமை மறுபடி திறக்கிறார்கள். துணி வெட்டும் பிரிவில் என் மகளுக்கு வேலை. அதனால் முதல்முறையாக, நாற்காலியோடு போனேன்.

"என்னண்ணே, எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவீங்கன்னு நினைச்சேன்," என்றார் மேனேஜர்.

"உக்காந்தே பாக்குறேன். மூலம் வந்தா உங்க செலவு."

ஜன்னலில்லாத படிக்கட்டு. புதுப் பெயின்ட் வாசனைக்கு அடியில் கருகிய துணி நாற்றம். படிக்கட்டு மெயினை மட்டும் அணைத்துவிட்டு, கதவை ஒட்டி உட்கார்ந்தேன். பத்து விளக்குகளும் எரிந்தன.

பதினோராவது நிமிடம், பத்தும் அணைந்தன.

போன் டார்ச்சை அழுத்தினேன். கையில் போன் சுட்டது. வெளிச்சம் வரவில்லை.

கதவைத் தேடித் தடவினேன். சுவர். அதற்கப்புறமும் சுவர்.

யாரோ இருமினார்கள். இன்னொருவர். எண்ணினேன். ஏழு.

"என்ன வேணும்? பேசித் தீத்துக்கலாம்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

காதருகே ஒரு பெண் கிசுகிசுத்தாள்: "மிச்ச நிமிஷம் வெச்சிருக்கீங்களாண்ணே?"

எவ்வளவு நேரமோ. விளக்குகள் வந்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் கதவு. அதில் மேனேஜர்.

"சூப்பர்ண்ணே. மூணு மணி நேரம், ஒரு விளக்குகூடக் கண்ணடிக்கல. கேமராவுல பாத்துக்கிட்டே இருந்தேன்." என் கைகளைப் பார்த்தார். "நீங்கதான் செவுத்தைத் தடவிக்கிட்டே இருந்தீங்க."

மடியில் புதுப் பதிவேடு. 'மூன்று மணி நேரம், சரி.' என் எழுத்து, என் கையெழுத்து. நான் பேனாவைத் திறக்கவே இல்லை. அவர் அதைப் போட்டோ எடுத்து முதலாளிக்கு அனுப்பிவிட்டார். நகலைக் கிழித்து என் பையில் வைத்தார்.

வேலைக்குப் போகாதே என்று மகளிடம் கெஞ்சினேன்.

"நல்லாருக்கு உங்க கதை. சரின்னு நீங்களே கையெழுத்துப் போட்டுட்டு, என்னைப் போகாதேன்னா எப்படிப்பா?"

திங்கட்கிழமை எனக்கு முன்னால் எழுந்து போய்விட்டாள். பையிலிருந்து நகலை எடுத்துப் பார்த்தேன். கையெழுத்துக்குக் கீழே, கரி படிந்த விரலால் எழுதியிருந்தது:

எழுதியது நூற்றெண்பது நிமிடம்.
எரிந்தது பதினொன்று.
பாக்கி நூற்று அறுபத்தொன்பது.
ஆட்கள் எட்டு.