வெள்ளிக்கிழமை டைரி

"ஐயோ... பை! என் பை...!"

செந்தமிழ்ச்செல்வியின் கத்தலை மழை விழுங்கிவிட்டது. அரியாங்குப்பம் பஸ் ஸ்டாப்பில் அவள் இறங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பைக் ஒன்று உரசிக்கொண்டு போனது. ஓட்டியவன் தோளில் வளையமாக மாட்டியிருந்த செப்புக் குழாய், அவள் பையின் வாரைக் கொக்கி போட்டு இழுத்தது. பை நாலடி காற்றில் பறந்தது. ஜிப் பிளந்தது.

அவ்வளவுதான்.

துணி கிளிப்புகள், கைப்பிடி தடித்த ஸ்பூன்கள், ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு கிலோ மொச்சைக்கொட்டை... கடைசியாகக் கலர் கலராகப் பட்டன்கள். எல்லாம் தண்ணீரில்.

"சாரிங்க... சாரிங்க... பிரேக் புடிச்சேன், வண்டி கேக்கல."

"வண்டிக்குக் காது இல்ல. உங்களுக்குக் கண்ணு இருக்கா?"

இருந்தது. அந்தக் கண்ணால்தான் அவன் பார்த்தான். நனைந்த நெற்றி... இமை ஓரத்தில் விழலாமா வேண்டாமா என்று தயங்கி நின்ற ஒரு மழைத்துளி... அதற்குக் கீழே, கொதிக்கிற இரண்டு கண்கள். கோபத்தில்கூட இத்தனை அழகாக இருக்க ஒருத்திக்கு யார் அனுமதி கொடுத்தது?

சட்டென்று குனிந்து பொறுக்க ஆரம்பித்தான்.

"தையல் கடை வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப மொச்சக்கொட்ட... கொழம்புக்கா?"

"பிஎச்.டி. பண்றேன்."

"மொச்சக்கொட்டையிலயா?!"

சிரிக்கக் கூடாது என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஆக்குபேஷனல் தெரபி. பக்கவாதம் வந்து கை விழுந்தவங்க, தன் வேலைய தானே செஞ்சிக்கக் கத்துக்குடுக்கறது."

"ஓ... பிசியோவா."

"பிசியோ இல்ல! அவங்க கைய தூக்க வைப்பாங்க. நான் அந்தக் கையாலயே சட்ட போட வைப்பேன். புரிஞ்சா சரி... புரியலன்னா பட்டன பொறுக்குங்க."

பொறுக்கினான். அவள் எண்ணினாள். ஒன்று குறைந்தது. சிவப்புப் பட்டன்.

"போனா போவட்டும்," என்று பையை அணைத்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கு அவசரம். மூன்று வருடம் அலைந்து முப்பத்தொன்பது நோயாளிகளைச் சேர்த்துவிட்டாள். நாற்பதாவது ஆள் கிடைத்துவிட்டால் ஆராய்ச்சி கரை ஏறிவிடும். அவருடைய விலாசத்தைத்தான் இப்போது தேடிப் போகிறாள்.

கால் மணி நேரம் கழித்து அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். திறந்தவன் தோளில் செப்புக் குழாய்!

"நீங்களா...?"

"மொச்சக்கொட்ட மேடம்!"

---

அவன் பெயர் கொளஞ்சி. ஏ.சி. மெக்கானிக். நாற்பதாவது நோயாளி அவனுடைய அப்பா ராஜாங்கம். இருபத்தெட்டு வருடம் டவுன் பஸ் கண்டக்டர். போன ஆடியில் வலது கை விழுந்துவிட்டது.

"விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கோயில்ல, புள்ள வேணும்னு சாமிக்குப் பிராது எழுதிக் கட்டி, இவங்கம்மா வாங்கின புள்ளம்மா இவன்," என்றார் ராஜாங்கம், குழறிய குரலில். "அவ போனப்புறம் எனக்கு எல்லாமே இவன்தான்."

"உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசைங்கய்யா?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார். "என் சட்டைக்கு நானே பட்டன் போடணும்."

செல்வி பையிலிருந்த வெள்ளைச் சட்டையைப் பிழிந்து உதறிக் கொடுத்தாள். அவர் விரல்கள் முதல் பட்டனைத் தேடித் தடுமாறின... நழுவின... கொளஞ்சி பாய்ந்து வந்து ஐந்து பட்டனையும் ஐந்து நொடியில் போட்டுவிட்டான்.

"மிஸ்டர் கொளஞ்சி. கைய பின்னால கட்டுங்க."

"என்னா?"

"கட்டுங்க. நீங்க போட்டுவிட்டா அந்தக் கை எப்பங்க கத்துக்கும்? வீட்டுல இருக்கறவங்க கையக் கட்டிக்கிட்டு நின்னா பேஷன்ட் சீக்கிரம் தேறுவாரா... இதான் என் ஆராய்ச்சி."

"என் அப்பாவுக்கு நான் செய்யக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு?" அவன் முகம் சிவந்தது.

"பிடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க. சம்மதப் படிவத்துல கையெழுத்து வேணாம். நான் போயிடறேன்."

அவள் பையைத் தூக்கினாள். நாற்பதாவது ஆள் கைநழுவுகிறார் என்று உள்ளுக்குள் துடித்தது. காட்டிக்கொள்ளவில்லை. 'போடி போ' என்று அவனும் நினைத்தான். ஆனால் அவள் வாசலைத் தாண்டுவதற்குள், அவன் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன.

அவள் ஒரு டைரியை நீட்டினாள். அப்பா தானாக எத்தனை பட்டன் போட்டார் என்று தினமும் மகன் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் அவள் வந்து பார்ப்பாள். பன்னிரண்டு வாரம். சட்டையைக் கொடுத்து அவளே சோதிப்பது முதல் நாளும் கடைசி நாளும் மட்டும்தான். நடுவில் டைரிதான் சாட்சி.

முதல் வெள்ளி, செருப்பை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். டைரியைத் திறந்தாள். ஏழு நாளும் பூஜ்யம். அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. "சரி" என்று மூடிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்றிரவு கொளஞ்சிக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாம் வெள்ளி. ஒன்று, ஒன்று, இரண்டு. அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். சிரித்தாள்... அடடா! மழை விட்ட பிறகு கடற்கரைச் சாலையில் ஒரு வெளிச்சம் விழுமே, அந்தச் சிரிப்பு.

மூன்றாம் வெள்ளி மூன்று. ஐந்தாம் வெள்ளி நான்கு.

இப்போதெல்லாம் அவள் வந்தால் காப்பி. காப்பியோடு வம்பு.

"பேரு செந்தமிழ்ச்செல்வி... தீசிஸ் பூரா இங்கிலீஷு. நியாயமாங்க?"

"ஏ.சி. ரிப்பேர் பண்றவர் வீட்டுல ஒரு ஃபேன்தான் ஓடுது. அது நியாயமா?"

"அந்த ஃபேனும் நீங்க வந்தாதான் ஓடுது."

பஸ்ஸில் கருவடிக்குப்பத்தில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பும்போது அவள் தன்னைத்தானே அதட்டிக்கொள்வாள். 'ஏய், அவன் நாற்பதாம் நம்பர் நோயாளி வீட்டு ஆளு. ஆராய்ச்சி முடியற வரைக்கும் அவ்ளோதான்...' மனசு தலையாட்டும். கண் கேட்காது. ஜன்னலுக்கு வெளியே அடுத்த வெள்ளிக்கிழமையைத் தேடும்.

---

பன்னிரண்டாம் வாரம். கடைசிச் சோதனை.

பதினைந்து நாளாக டைரியில் ஐந்துக்கு ஐந்து. செல்வி வெள்ளைச் சட்டையைக் கொடுத்து, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம்... மூன்று நிமிடம்... ஏழு நிமிடம். ராஜாங்கத்தின் விரல்கள் முதல் பட்டனையே தாண்டவில்லை. அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக.

"என்னங்கய்யா... தினமும் போடறீங்களே?"

"நானா?" அவர் கள்ளமில்லாமல் சிரித்தார். "பையன்தாம்மா போட்டுவுடறான்."

வாட்ச் அவள் கையில் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் திரும்பினாள். கொளஞ்சி சுவரோடு சுவராக நின்றான்.

"ஏன்?"

"அரை மணி நேரம் ஒரு பட்டனோட அப்பா மல்லாடறத பாக்க முடியலங்க... அப்புறம்... நல்லா வந்தா உங்களுக்கும் நல்லதுன்னு..."

"எனக்கா? என் தீசிஸ் போனா போவுது!" அவள் குரல் உடைந்தது. "உங்கப்பாவோட பன்னெண்டு வாரம் போச்சே... அந்தக் கை கத்துக்க வேண்டிய பன்னெண்டு வாரம்! அத யாரு திருப்பித் தருவா?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் தெருவில் இருந்தாள்.

"நடந்தத எழுதி அந்தப் பையன்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிடு செல்வி," என்றார் மறுநாள் கல்லூரியில் அவளுடைய ஆராய்ச்சி கைடு லூர்துசெல்வி மேடம். "நாளைக்கு யாராவது கேப்பாங்க."

"வாங்கறேன் மேடம்."

வாங்கவில்லை. இரண்டு முறை அரியாங்குப்பம் பஸ்ஸில் ஏறினாள். ஊருக்கு முன்னால் ஆற்றுப் பாலம் வந்ததும் இறங்கிவிட்டாள். பொய் சொன்னவன் வாசலில் நானா போய் நிற்பது? நாற்பதாவது டைரியை நீக்கிவிட்டு, முப்பத்தொன்பது பேரோடு ஆய்வை முடித்தாள்.

அடுத்த மழைக்காலம் வந்து போனது. அதற்கடுத்ததும் வந்தது.

---

பொது வாய்மொழித் தேர்வு. கல்லூரிக் கருத்தரங்கக் கூடம். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

செல்வி நாற்பது நிமிடம் பேசி முடித்தாள். சென்னையிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல அறிகுறி இல்லை.

"முப்பத்தொன்பது பேர் முன்னேறியிருக்காங்க. நாற்பதாவது ஆள் முன்னேறல. உடனே அவரோட டைரி பொய்யின்னு தூக்கிட்டீங்க. ரொம்ப வசதியா இருக்கேம்மா?"

செல்வி நிமிர்ந்து நின்றாள்.

"பொய்யா எழுதினதா வீட்டுல இருந்தவரே ஒத்துக்கிட்டார், சார்."

"எழுதி வாங்கினீங்களா?"

"...இல்ல சார்."

"ஏன்?"

என்ன சொல்வாள்? பாலம் தாண்ட முடியவில்லை என்றா?

"கையெழுத்து இல்ல, சாட்சி இல்ல. வேண்டாத நோயாளிய நீங்களே கழட்டிவிட்டிருக்கலாமே? இது நேர்மையைப் பத்தின கேள்வி. பதில் இல்லாம நான் இதைப் பரிந்துரை செய்ய முடியாது."

ஐந்து வருடம். ஐந்து வருட அலைச்சல் அவள் கண்முன்னே கரைந்தது. பெயரையாவது சொல்லலாமா? கூடாது. நோயாளியின் பெயரை வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

"சரி. பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேக்கணுமா?" என்றார் தேர்வாளர், வழக்கத்துக்காக.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"கேள்வி இல்ல சார். பதில்."

அந்தக் குரல்!

கொளஞ்சி எழுந்து நின்றான். நனைந்த சட்டை, மார்போடு அணைத்த பாலிதீன் உறை. "அப்பாவ செக்கப்புக்குக் கூட்டியாந்தப்ப நோட்டீஸ் போர்டுல இவங்க பேர பாத்தோம். யாரு வேணா வரலாம்னு போட்டிருந்துச்சு. சார், அந்த நாப்பதாவது டைரிய எழுதினவன் நான்தான். சாமிக்கே பிராது எழுதிப் பெத்த புள்ள... நான் எழுதினது பூரா பொய். இவங்க கண்டுபுடிச்சாங்க. அன்னிக்கே என்னைத் திட்டிட்டுப் போனாங்க. மறுநாள்லேர்ந்து நான் எழுதின நெசமான டைரி இது."

தேர்வாளர் வாங்கிப் புரட்டினார். கடைசிச் சோதனைக்கு மறுநாள் தேதி. பூஜ்யம். அடுத்த நாள், பூஜ்யம். பூஜ்யம். நாற்பத்தொரு நாள் பூஜ்யம். பிறகு, ஒன்று. பேனா அழுத்தத்தில் அந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

"உங்க அப்பா எங்க?"

கடைசி வரிசையிலிருந்து ராஜாங்கம் மெல்ல எழுந்தார். வெள்ளைச் சட்டை. ஐந்து பட்டனும் போட்டிருந்தார், ஒரு ஓட்டை தள்ளி. காலர் ஒரு பக்கம் ஏறி, மறு பக்கம் இறங்கி நின்றது. நான்காவது பட்டன் மட்டும்... சிவப்பு.

"நானே போட்டது," என்றார். "பதினோரு நிமிசம் ஆச்சு. இவன் கையக் கட்டிக்கிட்டுதான் நின்னான்."

செல்விக்கு எதிரே இருந்ததெல்லாம் கலங்கியது. அந்தச் சிவப்பு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இதுல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, தம்பி. அது இருக்கட்டும்... பொய்யா ஏன் எழுதினீங்க?"

கொளஞ்சி தலையைக் குனிந்தான். காது வரை சிவந்தான்.

"நம்பர் ஏறினா... வெள்ளிக்கிழம இவங்க சிரிச்சாங்க, சார்."

கூடமே வெடித்துச் சிரித்தது. லூர்துசெல்வி மேடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தேர்வாளர் மட்டும் சிரிக்காமல் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தார்.

"முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். வாழ்த்துகள், டாக்டர் செந்தமிழ்ச்செல்வி."

---

வாசலில் மழை. போர்ட்டிகோ நாற்காலியில் ராஜாங்கம் உட்கார்ந்து, வேறு எங்கேயோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்வியின் ஒரு கையில் தீசிஸ், மறு கையில் சால்வை, பூங்கொத்து. குடையைத் திறக்க மல்லுக்கட்டினாள். கொளஞ்சி இரண்டடி தள்ளி நின்றான். கைகள் முதுகுக்குப் பின்னால்.

"பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"கை வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"ஒரு கையெழுத்து வாங்க என்னால பாலம் தாண்டி வர முடியல. திமிரு... நீங்க வரலன்னா இன்னிக்கு..."

"நான் செஞ்ச தப்பு. நான்தானே வந்து சொல்லணும்." அவன் மழையைப் பார்த்தபடியே சொன்னான். "வெள்ளிக்கிழம வந்தா இப்பவும் ரெண்டு காப்பிதாங்க போடறேன். ஒண்ணு ஆறிடுது. அப்பா ஏன்னு கேக்கறதில்ல... எனக்கு உங்கள ரொம்பப் புடிக்கும். அன்னிக்கு பட்டன் பொறுக்கினப்பவே. நீங்க திட்டினாலும் சொல்லிடணும்னுதான் வந்தேன்."

அவள் தீசிஸை மார்போடு இறுக்கினாள்.

"முதல் வெள்ளிக்கிழம நான் ஏன் சிரிக்கல தெரியுமா?"

"பூஜ்யம் பாத்து."

"பஸ்ஸுல செருப்பு அறுந்துபோச்சு."

அவன் திரும்பினான்.

"அதுக்கப்புறம் சிரிச்சது... நம்பர பாத்து இல்ல. டைரிய நீட்டிட்டு, ரிசல்ட் பாக்க வந்த பையன் மாதிரி நிப்பீங்களே... அந்த மூஞ்சிய பாத்து." அவள் இமை தாழ்ந்தது. "லூசு... பன்னெண்டு வாரமும் பூஜ்யமே எழுதியிருந்தாலும் சிரிச்சிருப்பேன்."

மழை இன்னும் வலுத்தது. நாற்காலியில் ராஜாங்கம் தொண்டையைச் செருமினார்.

செல்வி திறக்காத குடையை அவன் முன்னால் நீட்டினாள்.

"இப்ப கை வைக்கலாம்."