வெள்ளைக் கோடு விலகியது!

போன் அலறியது.

காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக், கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தான்.

"ஹலோ..."

"அண்ணா...!"

தங்கை! குரல் கிழிந்து போயிருந்தது.

"என்ன பாப்பா? ஏன் இப்படிக் கத்தறே?"

"அவரு செத்துட்டாருண்ணா! மலை ரோட்டுல, மூணாவது வளைவுல... கார் திரும்பவே இல்லையாம். ஸ்டியரிங் இறுகிடுச்சாம். நேரா பள்ளத்துல..."

மெக்கானிக் எழுந்து உட்கார முயன்று, காரின் அடிப்பாகத்தில் தலையை நங்கென்று இடித்துக்கொண்டான்.

"என்ன பாப்பா சொல்றே?"

"முந்தாநாள்தானே அந்த ஸ்டியரிங்கை நீ சரி பண்ணிக் கொடுத்தே? நீதான்... நீதான்ணா என் புருஷனைக் கொன்னுட்டே!"

டொக். போன் கட்டானது.

அவனை அந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சொட்டு' என்றால்தான் தெரியும். ஆயிலோ, தண்ணீரோ, பெட்ரோலோ... வண்டியில் எது எங்கே ஒழுகினாலும் மோப்பம் பிடித்துவிடுவான். இருபது வருஷத்தில் அவன் அடைத்த ஒழுகல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

இன்று வந்துவிட்டது... அதுவும் சொந்த மாப்பிள்ளையின் உயிரைக் குடித்துவிட்டு!

சட்டையை உள்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு பைக்கை உதைத்தான்.

போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கம்.

மூக்கு நசுங்கிப் போன வெள்ளைக் கார், கிரேனிலிருந்து அப்போதுதான் இறக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். நாற்பது வயதுப் பெண்மணி. சிரிக்காமலே கிண்டலடிக்கும் ரகம்.

"வாங்க சொட்டு. உங்களைத் தேடி ஆள் அனுப்பலாம்னு இருந்தேன். ஜீப் செலவை மிச்சம் பண்ணிட்டீங்க."

"மேடம்... மாப்பிள்ளை..."

"ஜி.எச். மார்ச்சுவரியில. பின்னால வந்த லாரி டிரைவர்தான் வெளிய இழுத்திருக்காரு. 'ஸ்டியரிங் திரும்பலை... கல்லா இருக்கு'ன்னு சொன்னாராம். அதோட மூச்சு போச்சு."

"பவர் ஸ்டியரிங் போனாலும் திருப்பலாம் மேடம். தம் கட்டி இழுக்கணும், அவ்வளவுதான்."

"அப்ப ஏன் திருப்பலை?"

சொட்டு தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினான்.

"அவருக்கு வலது தோள்ல பிளேட் வச்சிருக்கு. ஒரு வாளித் தண்ணிகூடத் தூக்க முடியாது."

"பிரமாதம்! அப்படிப்பட்ட ஆளோட ஸ்டியரிங்கை நீங்க சரி பண்ணியிருக்கீங்க. ரெண்டே நாள்ல ஆயில் மொத்தமும் காலி. பானெட் இடுக்குல நீங்களே எட்டிப் பாருங்க, ஆயில் டப்பா காஞ்சு கிடக்கு. அஜாக்கிரதையால் மரணம். ஒர்க் ஷாப்புக்கு சீல், உங்களுக்கு ஜெயில்."

"அரை மணி நேரம் குடுங்க மேடம். எங்க ஒழுகுச்சுன்னு பாத்துடறேன்."

"பாத்து?"

"என் தங்கச்சி முகத்துல முழிக்கணும் மேடம்!"

இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார். "இருபது நிமிஷம்."

கடப்பாரையால் நெம்பி பானெட்டைத் திறந்தான். வலது பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. இடது பக்கம் இருந்த ஸ்டியரிங் பம்புக்குக் கீறல்கூட இல்லை.

பைக் பெட்டியில் எப்போதும் வைத்திருக்கும் சின்ன லைட்டையும் ஒரு தார்ப்பாயையும் எடுத்து வந்தான்; தார்ப்பாயை இன்ஜின் மேல் போர்த்தி, தலையை உள்ளே விட்டான்.

"என்ன சொட்டு, கண்ணாமூச்சியா?"

"இருட்டு வேணும் மேடம். நீங்களும் உள்ள வாங்க."

வந்தார். உள்ளே சூடும் ஆயில் வாடையும்.

"முந்தாநாள் இந்த ஆயில்ல ஒரு சாயம் கலந்தேன். சும்மா பாத்தா தெரியாது. இந்த ஊதா லைட்டு பட்டாதான் மின்னும். ஒழுகலைப் பிடிக்க நாங்க பண்ற வித்தை. கஸ்டமர்கிட்டகூட சொல்றதில்லை."

லைட்டைத் தட்டினான்.

பளீர்!

பம்பின் தலையிலிருந்து பேட்டரி வரைக்கும் பச்சைப் பசேலென்று பீச்சியடித்திருந்தது. சொட்டு அந்தப் பச்சையைப் பின்பக்கமாகத் தொடர்ந்துகொண்டே போனான். ஆயில் போகும் ஹோஸ் குழாய் முழுசாக இருந்தது. அதன் கிளிப்பும் அசையவில்லை. எல்லாப் பச்சையும் ஒரே இடத்தில் போய் முடிந்தது. ஹோஸைப் பம்போடு பிணைக்கும் போல்ட்.

லைட்டை அதன் மேலேயே நிறுத்தினான்.

"இது... இதான் மேடம்."

"இதுக்கு முன்னாடி எங்க ஒழுகுச்சு?"

"இதே போல்ட்தான்."

"நீங்க மாட்டினது?"

"நான் மாட்டினதுதான். புது செம்பு வாஷர் போட்டு..."

"கேஸ் முடிஞ்சுது. வெளிய வாங்க, வேகுது."

இருபது வருஷப் பெயர் இருபது நிமிஷத்தில் போய்விட்டது. சொட்டு இயந்திரம் போல ஒரு துணியை எடுத்து போல்ட்டைத் துடைத்தான்.

துடைத்தவன் உறைந்தான்!

"மேடம்... கோடு!"

"என்ன கோடு?"

"எந்த போல்ட்டை டைட் வச்சாலும், போல்ட் மேலயும் பம்ப் மேலயும் சேத்து ஒரே கோடா வெள்ளைப் பெயிண்ட் இழுப்பேன். இருபது வருஷப் பழக்கம். அசைஞ்சா கோடு ரெண்டாயிடும்."

தார்ப்பாயை விலக்கினான். வெயிலில் தெளிவாகவே தெரிந்தது. பம்ப் மேல் ஒரு துண்டு. போல்ட் மேல் இன்னொரு துண்டு. இரண்டும் ஒட்டவில்லை.

"கால் சுத்து விலகியிருக்கு!"

"இடிச்ச வேகத்துல விலகியிருக்கலாமே?"

"போல்ட் மூலையைப் பாருங்க. ஸ்பேனர் வழுக்கி வழுக்கிக் கடிச்சிருக்கு. இது ஸ்க்ரூ ஸ்பேனர் மேடம், வீட்டுல குழாய்க்குப் போடறது. என் ஷாப்புக்குள்ள அதை விட்டதே கிடையாது!"

"அப்படின்னா..."

"எவனோ வேணும்னே லூஸ் பண்ணியிருக்கான். நேர் ரோட்டுல லேசாத்தான் கசியும். வளைவுல ஒடிச்சா பிரஷர் ஏறும். ரெண்டு வளைவுல மொத்தமும் பீச்சிடும்... மூணாவதுல ஸ்டியரிங் கல்லு."

இன்ஸ்பெக்டர் சின்னதாக விசிலடித்தார்.

"கொலை! சொட்டு, நீங்க தப்பிச்சீங்க. ஆனா யாருன்னு எப்படிப் பிடிக்கறது?"

சொட்டுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்த வாயை அப்போதே மூடியிருக்கலாம். மூடவில்லை.

"சுலபம் மேடம்! லூஸ் பண்ணினவன் கையில ஆயில் பட்டிருக்கும். அந்தச் சாயம் சோப்புக்கெல்லாம் மசியாது. நக இடுக்குல மூணு நாளைக்கு நிக்கும். லைட் அடிச்சா போதும்!"

தங்கையின் வீடு.

ஹாலில் ஜன்னல் திரைகளை இழுத்து விட்டிருந்தார்கள். இறந்தவரின் தம்பி சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டில் இருந்ததே மூன்று பேர். இப்போது இரண்டு.

சொட்டுக்கு வரும் வழியெல்லாம் இந்தத் தம்பி மேல்தான் சந்தேகம். அண்ணனும் தம்பியும் ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"கையை நீட்டுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எதுக்கு மேடம்?"

"ஜோசியம் பாக்க. நீட்டுங்க!"

சொட்டின் கையிலிருந்த ஊதா வெளிச்சம் விரல் விரலாக ஊர்ந்தது. உள்ளங்கை, நகம், மணிக்கட்டு...

ஒன்றுமே இல்லை!

"எங்கண்ணன் செத்துக் கிடக்கறான்... நீங்க லைட் அடிச்சு விளையாடறீங்களா?" தம்பி உடைந்து அழுதான்.

"வீட்டுல ஸ்க்ரூ ஸ்பேனர் இருக்கா?"

"பின்னால மோட்டார் ரூம்ல..."

"வந்து காட்டுங்க."

இருவரும் போனார்கள். சொட்டு படுக்கையறைக் கதவைத் தள்ளினான்.

இருட்டில், கட்டில் ஓரத்தில் தங்கை. முழங்கால் மேல் இரண்டு கைகளும்.

"பாப்பா... நான் கொல்லலைம்மா. டைட்டாதான் வச்சேன். எவனோ கழட்டியிருக்கான். போலீஸே ஒத்துக்கிட்டாங்க..."

ஆறுதலாக அவள் கையைப் பிடிக்கக் குனிந்தான். அணைக்க மறந்த லைட் அவனுக்கு முன்னால் குனிந்தது.

பச்சை!

அவளுடைய பத்து நகத்துக்கும் அடியில்... வளையல் ஓரத்தில்... பச்சைப் பசேலென்று!

சொட்டு லைட்டை அணைத்தான்.

"பாப்பா... என்ன காரியம் பண்ணினே?"

அவள் அழவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"நீதான்ணா காட்டினே. காரை எடுக்க நான் வந்தப்ப பானெட்டைத் திறந்து, 'பாப்பா, இந்த போல்ட் லூசானா ஸ்டியரிங் கல்லாயிடும், மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு'ன்னே."

வேலை முடிந்ததும் ஒழுகிய இடத்தைக் காட்டாமல் எந்த வண்டியையும் அனுப்ப மாட்டான். அதுவும் இருபது வருஷப் பழக்கம்தான்.

"எதுக்கும்மா? எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதே. மூணு தடவை உன் ஷாப்புக்கு வந்தேன். ஒரு தடவை கன்னம் வீங்கி, ஒரு தடவை உதடு கிழிஞ்சு... மூணாவது தடவை நிக்கக்கூட முடியலை. மூணு தடவையும் பஸ் ஏத்திவிட்டுட்டே. 'அட்ஜஸ்ட் பண்ணிக்க பாப்பா, போகப் போக சரியாயிடும்'னே."

"அவருக்குத்தான் கை விளங்காதேன்னு..."

"அடிக்கறதுக்கு இடது கை போதும்ணா!"

சொட்டு சுவரில் சாய்ந்தான்.

"பழி என் மேல வரும்னு யோசிக்கலையா?"

"யோசிச்சேன். வரட்டும்னுதான் பண்ணினேன். அவரும் வேணாம், நீயும் வேணாம்னு ஆயிடுச்சு எனக்கு."

அவனுக்குக் கோபமே வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரில் உள்ள ஒழுகலையெல்லாம் தேடிக் கண்டுபிடித்தவன், கூடப் பிறந்தவளின் கண்ணீரை நேரில் பார்த்தும் பஸ் ஏற்றி விட்டிருக்கிறான்!

லைட்டைப் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தான். இன்ஸ்பெக்டர் கையில் கைக்குட்டை சுற்றிய ஸ்பேனர்.

"மேடம்... நான்தான்."

"நீங்கதான் என்ன?"

"போல்ட்டை நான் டைட் வைக்கலை. மறந்துட்டேன். என்னைக் கூட்டிட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"டைட் வைக்காத போல்ட்டுக்கு எதுக்கு சொட்டு கோடு போட்டீங்க? அந்தக் கோடு கால் சுத்து விலகினதைக் காட்டினதே நீங்கதானே? போட்டோ எடுத்து ரிப்போர்ட்டும் எழுதியாச்சு."

சொட்டு ஓரடி முன்னால் வந்தான்.

"சரி... நான்தான் கழட்டினேன்! வேணும்னே! இன்னிக்குக் காலையில இங்க வந்து..."

"இன்னிக்குக் காலையில ஆறு மணியிலேருந்து எட்டரை வரைக்கும் நீங்க ஸ்டேஷன்ல, என் ஜீப்புக்கு அடியில படுத்து பிரேக் பாத்துக்கிட்டு இருந்தீங்க. டீ வாங்கிக் கொடுத்ததே நான்தான். கார் இங்கேருந்து கிளம்பினது எட்டு மணிக்கு. எந்தக் கோர்ட்ல போய் இதைச் சொல்லப் போறீங்க?"

"மேடம்... ப்ளீஸ்..."

"ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி கை கையா லைட் அடிக்கணும்னு குதிச்சீங்க. இப்ப லைட்டைப் பாக்கெட்ல ஒளிச்சு வச்சிருக்கீங்க. இந்த வீட்டுல நீங்க பொய் சொல்ற அளவுக்கு உங்களுக்கு யாரு இருக்கா?"

சொட்டு கையெடுத்துக் கும்பிட்டான். அவனுடைய கோடும் அவனுடைய சாயமும் சேர்ந்து தங்கையைச் சுற்றி வளைத்தாயிற்று. அவன் வேலையில் ஓட்டை கண்டுபிடிக்க அவனாலேயே முடியவில்லை!

படுக்கையறைக் கதவு திறந்தது.

"போதும் விடுண்ணா," என்றாள் தங்கை.

இன்ஸ்பெக்டரின் முன்னால் வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். அன்றைக்கு முதல்முறையாக அவள் கண்ணில் நீர் முட்டியது. "இவ்வளவு நாள் கழிச்சு இப்பதான்ணா எனக்காகப் பேசறே."

இன்ஸ்பெக்டர் சொட்டின் பாக்கெட்டிலிருந்து லைட்டை உருவி, அடித்தார். பார்த்தார். அணைத்தார்.

வாசலில் ஜீப் உறுமியது. தங்கை ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே ஏறப் போன சொட்டைக் கான்ஸ்டபிள் மார்பில் கை வைத்துத் தடுத்தார்.

இன்ஸ்பெக்டர் முன் சீட்டிலிருந்து தலையை நீட்டினார்.

"செஞ்ச வேலைக்கே கேரண்டி தராத மெக்கானிக்கை நிறையப் பாத்திருக்கேன் சொட்டு... செய்யாத கொலைக்குக் கேரண்டி தர்ற மெக்கானிக்கை இன்னிக்குத்தான் பாக்கறேன்!"