பதினான்காவது வாய்

"ஐயோ... வாயைக் காணோம்!"

அலறல் மாடியிலிருந்து வந்தது. காலை மணி பத்தே முக்கால்.

கீழே கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த பெண் இன்ஸ்பெக்டர் டம்ளரை வைத்தார். அந்தக் குரல் அவருக்குத் தெரியும். தங்கை!

அது ஒரு பழைய பிஸ்கட் கம்பெனி. இப்போது அங்கே பிஸ்கட் இல்லை. மூன்று கலைஞர்களுக்குத் தங்க இடமும் ஆளுக்கொரு அறையும் கொடுத்து, மூன்று மாதத்தில் ஒரு குட்டி அனிமேஷன் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். இன்று கடைசி நாள். மாலை ஆறு மணிக்குத் திரையிடல்.

அதைப் பார்க்கத்தான் அக்கா லீவு போட்டு வந்திருந்தார். காக்கிக்கும் லீவு. பளிச்சென்று ஒரு மஞ்சள் சட்டை.

இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறினார்.

தங்கை நாற்காலியில் சரிந்து கிடந்தாள். களிமண் பொம்மைகளை வைத்துப் படம் எடுப்பதால் இங்கே அவளுக்குக் களிமண் என்று பெயர். வீட்டில் அந்தப் பெயரை அக்கா எப்போதோ வைத்துவிட்டார், வேறு காரணத்துக்காக.

"என்னடி ஆச்சு?"

"பதினாலாவது வாய்க்கா... போச்சு."

மேஜை மேல் ஒரு தெரு. கையளவு வீடுகள். வாசலில் ஒரு சாண் உயரப் பெண் பொம்மை. மூக்குக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

பக்கத்தில் டப்பா. அதில் பதின்மூன்று வாய்கள்.

"பொம்மை பேசணும்னா வாயை மாத்தி மாத்தி ஒட்டிப் படம் எடுக்கணும். 'ஓ'வுக்கு ஒண்ணு, சிரிக்க ஒண்ணு. பதினாலாவது, கத்துற வாய். கடைசி சீனே அதை வச்சுதான். ஒன்பதரைக்குக் குளிக்கப் போனப்ப பொம்மை முகத்துலதான் இருந்துச்சு."

"புதுசா செஞ்சுக்க."

"ரெண்டு நாள் ஆகும்க்கா. முடியாத படத்தைப் போட மாட்டாங்க. வேலையை விட்டுட்டு வந்திருக்கேன்க்கா இதுக்காக..."

"சிரிக்கிற வாயை வச்சு முடிச்சிடு. எதுக்குக் கத்தணும்?"

தங்கை முறைத்தாள். "நீயெல்லாம் போலீஸா?"

அக்காவுக்கு வேறு வழியில்லை. விசாரணை ஆரம்பமானது.

சந்தேகத்துக்குரியவர்கள் இரண்டு பேர். கையால் வரைந்து படம் எடுக்கும் பென்சில். கண்ணாடி மேல் மணலைத் தூவிப் படம் எடுக்கும் மணல். பென்சில் ஒல்லியான ஆண், மணல் குட்டையான பெண். இருவருக்கும் கறுப்புச் சட்டை. தங்கைக்கும் அதே.

"அதென்ன எல்லாரும் கறுப்பு? கேங்கா?"

"அது வந்து மேடம்..." என்று ஆரம்பித்தார் பென்சில்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"கேட்டதுக்குத்தான் மேடம் சொல்ல வந்தேன்."

"ஒன்பதரைக்கு எங்க இருந்தீங்க?"

"என் டேபிள்ல. என் படத்து ஹீரோ படி இறங்கிட்டு இருந்தான். பாதியில விட்டுட்டு வர முடியாது."

"எத்தனை படி?"

"நாலு."

"எவ்வளவு நேரமா இறங்குறான்?"

"ரெண்டு நாளா."

அக்கா பெருமூச்சு விட்டு மணல் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"நான் ரூமை விட்டு அசையலை மேடம். மூச்சு பலமா விட்டாலே என் யானை கலைஞ்சிடும். தும்ம மட்டும் வெளியே போனேன். ரெண்டு தடவை."

"சாட்சி?"

"தும்மலுக்கா?"

அக்கா நோட்டை மூடினார். "கேஸ் முடிஞ்சுது. வாய் கீழ விழுந்திருக்கும், யாரோ பெருக்கித் தள்ளியிருப்பாங்க. நீ சிரிக்கிற வாயை வைடி. பார்க்கவும் லட்சணமா இருக்கும்."

பென்சில், எடுத்த படங்கள் சேரும் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"களிமண்... குளிக்கப் போறப்ப எத்தனையாவது படத்துல நிறுத்தினே?"

"ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

"இங்க ஆயிரத்து நானூத்திப் பதிமூணு இருக்கே."

பென்சில் மேஜை ஓரத்தைக் காட்டினார்.

"கேமரா பட்டன் மேஜை ஓரத்துல இருக்கு மேடம். பொம்மையைத் தொட சாஞ்சா வயிறு அதுல பட்டுடும். அப்படித்தான் யாரோ அமுக்கியிருக்காங்க."

தங்கை அந்தப் படத்தைத் திறந்தாள். அதே தெரு. அதே பொம்மை. முகத்தில் வாய் இருந்தது.

"ஆள் யாரும் தெரியலையே," என்றார் அக்கா வேகமாக.

"ஆள் தெரியலை. கன்னத்தைப் பாருங்க."

பொம்மையின் வெள்ளைக் கன்னத்தில் மஞ்சள் படர்ந்திருந்தது.

"ஏன் கறுப்புன்னு கேட்டீங்களே மேடம்... கலர் சட்டையோட கிட்ட வந்தா, விளக்கு வெளிச்சம் சட்டையில பட்டு அந்தக் கலர் பொம்மை மேல விழும். அதனால மூணு மாசமா இங்க யாரும் கறுப்பைத் தவிர வேற போடறதில்லை."

மூன்று கறுப்புச் சட்டைகளும் மெதுவாகத் திரும்பின.

மஞ்சள் சட்டை பைக்குள் கையை விட்டது. நகத்தளவு வாய் ஒன்று மேஜைக்கு வந்தது.

"ஏன்க்கா?"

"அந்தப் பொம்மை நான்தானே? அதே கொண்டை. அதே இடுப்புல கை. வாய் மட்டும் குகை மாதிரி. நான் கத்துறது ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் தெரிஞ்சா பத்தாதா? ஸ்கிரீன்ல வேற போட்டுக் காட்டணுமா?"

பத்தொன்பது வருட சர்வீஸில் எத்தனையோ பேரை அழ வைத்த கண்கள் கலங்கிவிட்டன. அக்காவுக்கு நிஜமாகவே வலித்திருந்தது.

தங்கை வீடுகளுக்குப் பின்னால் இருந்து விரல் நீளச் சிறுமி பொம்மையை எடுத்து நடுத்தெருவில் நிறுத்தினாள். எதிரே ஒரு லாரியை வைத்தாள்.

"இது நான். ஏழு வயசு. பந்து பின்னாடி ஓடினேன். நீ வாசல்ல இருந்து 'நில்லுடி'ன்னு கத்தினே. நின்னேன். படமே அந்த ஒரு கத்தலுக்காகத்தான்க்கா. நீ சிரிக்கிற வாயை வைக்கச் சொல்றே... வச்சா நான் செத்துடுவேன்."

அக்கா தங்கையின் தலையைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

ஐந்து நிமிடத்தில் பென்சிலின் கறுப்புச் சட்டை ஒன்று அக்காவின் உடம்பில் ஏறியது. பட்டன்கள்தான் பாவம். தங்கை கேட்கக் கேட்க, இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வாயாக எடுத்துக் கொடுத்தார்.

மாலை ஐந்துக்குக் கடைசி சீன் முடிந்தது.

"கத்தலுக்குச் சத்தம் வேணுமே. நானே பேசிப் பார்த்தேன், பூனை மாதிரி இருக்கு," என்றாள் தங்கை, மைக்கை நீட்டி. "திருடினதுக்குத் தண்டனை. கத்துக்கா."

அக்கா இடுப்பில் கை வைத்தார்.

"நில்லுடீ!"

ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. வெளியே தெருவில் நிஜ லாரி ஒன்று பிரேக் போட்டு நின்றது.

நீளக் கோடு இழுபட்ட தாளோடு பென்சில் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம். ரெண்டு நாளா படி இறங்கிட்டு இருந்த என் ஹீரோ, ஒரே தாவுல இறங்கிட்டான்!"