வெண்புள்ளிகளுக்குள் ஒரு பெயர்

ஒளிபரப்புத் தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஆமினா உம்மாவின் தொலைக்காட்சித் திரையில் வெண்புள்ளிகள் மழைபோல் இரைந்துகொண்டிருந்தன.

பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சிக் கோப்பையோடு வந்த பதினொரு வயது றாஹிலா வாசலிலேயே நின்றுவிட்டாள். புள்ளிகளுக்குள்ளே, நீருக்கடியில் கிடக்கும் சிப்பிகள்போல, ஆங்கில எழுத்துகள் ஐந்து மங்கலாய்த் தெரிந்தன.

றஸாக்.

"நாலு நாளா ஏதேதோ எழுத்து வந்து போச்சு புள்ள. இண்டைக்கு என்ட மகன்ட பேரு வந்து நிக்குது," என்றார் ஆமினா உம்மா.

அவருக்கு ஆங்கிலத்தில் தெரிந்த சொல் அது ஒன்றுதான். தோஹாவுக்கு வேலைக்குப் போன மகனின் கடித உறைகளில் பார்த்துப் பழகியது. கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது.

"என்ட புள்ளைக்கு என்னமோ நடந்துட்டு. அதான் இப்படி வந்து நிக்குறான்."

அப்போது கடைசி எழுத்து இரண்டாயிற்று. பின் நான்காயிற்று. பின் வரி முழுதும் நீண்டுகொண்டே போயிற்று. தொலைவில் எவரோ இழுத்து இழுத்துக் கூப்பிடுவதுபோல் இருந்தது. றாஹிலா கஞ்சிக் கோப்பையைத் தரையில் வைத்தாள்.

சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. சற்று முன் அந்தப் பெயரை எழுதியவள் அவளேதான்.

சவூதியிலிருந்து வந்த ஒருவரிடம் வாப்பா வாங்கிய சின்னக் கணினி அவள் வீட்டில் இருந்தது. அதற்கென்று திரை இல்லை; வீட்டுத் தொலைக்காட்சிதான் அதற்குத் திரை. தொலைக்காட்சியின் முதுகிலுள்ள அன்டனாக் கம்பியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கணினியின் கம்பியைப் பூட்ட வேண்டும். கழற்றினால் மீண்டும் பூட்டத் தெரியாதே என்று பயந்து, அவள் இரண்டு கம்பிகளையும் சேர்த்தே முறுக்கிவிட்டிருந்தாள். தெருவிலுள்ளோர் பெயர்களை வரிசையாக எழுதிப் பழகியதில், இன்று அவள் அண்ணனாய் எண்ணும் றஸாக் காக்காவின் முறை.

எழுதியது கம்பி வழியே கூரைமேல் ஏறி, காற்றில் இறங்கி, இந்த வீட்டு அன்டனாவுக்கு வந்திருக்கிறது.

சொன்னால் வாப்பா கோபிப்பார். "டீவியில ஒரு பிழை வந்தாலும் இதத் திருப்பிக் குடுத்துருவன்," என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஆமினா உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"மாமி, நீங்க திரையையே பாத்துட்டு இருங்க. நான் வீட்ட போறன். அந்தப் பேரு மூணு தரம் அழிஞ்சு, மூணு தரம் வரும்," என்றாள் றாஹிலா.

வீட்டில் நான்கு வயதுத் தம்பி ஜெமீல், ஒரே பொத்தானில் பெருவிரலை ஊன்றியபடி அமர்ந்திருந்தான்.

"எழும்புடா ஜின்னே," என்று அவனைத் தள்ளிவிட்டு, மூன்று முறை அழித்து எழுதினாள்.

திரும்பி வந்தபோது ஆமினா உம்மாவின் முகம் தெளிந்திருந்தது. "மூணு தரம் வந்துது," என்றார். "அப்ப அவனுக்கு ஒண்டும் இல்லையா?"

"அது எனக்குத் தெரியாது மாமி. பேர எழுதினது நான்தான். நான் செஞ்ச பிழை. இப்பவே கம்பியக் கழட்டிடுறன்."

ஆமினா உம்மா திரைக்கு அருகில் நகர்ந்து அமர்ந்தார்.

"கழட்டாத புள்ள. கடிதம் வரும் வரைக்கும் அவன்ட பேரு அங்கயே நிக்கட்டும். உன்ட வாப்பாவோட நான் கதைக்குறன்."

அவர் கதைத்தார். வாப்பா சிரித்துவிட்டார்.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் மகரிபுத் தொழுகைக்கு முன், வெண்புள்ளிகளுக்குள் அந்த ஐந்து எழுத்துகளும் வந்து நின்றன. ஒன்பதாம் நாள் தபால்காரரின் மணி ஒலித்தது. றஸாக் வேறு கம்பனிக்கு மாறியிருந்தான். புதிய விலாசத்தோடு சுகச் செய்தியும் வந்திருந்தது.

அன்று மாலை ஆமினா உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"இண்டைக்கு உன்ட பேர எழுது புள்ள. அது எப்படி இருக்கும் எண்டு நானும் பாத்துப் பழகணும்."