உப்பு ஒத்தடம்

சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா கோலினின் வலது கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துவிட்டுத்தான் ஜோசலின் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது கை அங்கே இல்லை. கட்டில் விளிம்பைத் தாண்டி, உள்ளங்கை மேலே பார்க்க, யாரிடமோ எதையோ கேட்டு நீட்டியதுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா வலி மாத்திரை போட்டு அயர்ந்து தூங்கினாள். அந்தக் கை தானாக அசைந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

சரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஜோசலின் அதைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தாள். வைத்த பிறகு தன் விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஏன் துடைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, ஈப்போ ஆஸ்பத்திரியில் அறுவையும் கதிர் சிகிச்சையும் முடிந்து பல வருடங்கள் ஓடிவிட்டன. நோய் போய்விட்டது. அதை விரட்ட வைத்த கதிர், அக்குளுக்கு மேலே ஓடும் நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுத்துவிட்டதாக டாக்டர் பிறகுதான் சொன்னார். விரல் நுனியில் தொடங்கிய மரப்பு தோள்வரை ஏறியது. தொட்டால் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. ஆனால் உள்ளே எங்கேயோ வலிக்கும். மரத்த இடத்தில் சூடு வைக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பதற்கெல்லாம் மிஸ்ஸியைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்ன?

போன வாரம் அப்படி ஒத்திக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

"இன்னும் கொஞ்சம் சூடா வையேன்லா. ஒன்னுமே தெரியல," என்றாள் அக்கா.

அன்றைக்குக் காலையிலிருந்தே அக்காவுக்குக் கஞ்சி சரியில்லை, ஜன்னல் சரியில்லை, ஜோசலின் நடக்கிற சத்தம்கூடச் சரியில்லை. ஜோசலின் சட்டியிலிருந்து எடுத்த முடிச்சை ஆறவிடாமல் முழங்கைக்குக் கீழே வைத்து அழுத்தினாள்.

"தெரியுதா?"

"இல்லடி."

இன்னும் அழுத்தினாள். தோல் கருகும் வாசனை வந்தது. அப்போதும் எடுக்கவில்லை. பாசம் இல்லாமல் இல்லை, பாசத்துக்கும் அலுப்பு வரும். ஆனால் அந்த நேரத்தில் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதே, அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட எப்படிச் சொல்வது? அக்கா தூங்கி எழுந்ததும், தூக்கத்தில் கைமேல் ஃபிளாஸ்க் வெந்நீர் சிந்திவிட்டது என்று சொல்லிக் கட்டுப் போட்டாள். நாளைக் காலை ஈப்போவில் டாக்டர் அந்தக் கட்டைப் பிரிப்பார். அதற்குள் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எழுந்ததும் சொல்லிவிடலாம்.

மழைக்கு முந்தைய புழுக்கத்தில் அறை இருண்டுகொண்டே வந்தது. ரப்பர் தோட்டத்தை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது வீட்டுக்குப் பின்னால் தப்பி நின்ற ரப்பர் மரங்களிலிருந்து காய்கள் வெடித்துத் தகரக் கூரைமேல் விழுந்து உருளும் சத்தத்துக்கு நடுவே, தைல வாசனைக்கும் டெட்டால் வாசனைக்கும் அடியில், துணியெல்லாம் துவைத்தும் தரையெல்லாம் துடைத்தும் போகாத அந்தக் கருகல் வாசனை மறுபடி எழுந்தது. ஜோசலின் கட்டிலோரம் உட்கார்ந்து, மருந்து மாற்றுவதற்காகக் கட்டைப் பிரித்தாள். புண் வட்டமாக இருந்தது. முடிச்சின் அடிப்பாகம் அப்படியே பதிந்திருந்தது.

கை புரண்டது.

விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி மூடிக்கொண்டன. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிடி தெரியவில்லை. அழுத்தம் தெரியவில்லை. இழுத்தாள். வரவில்லை. தன் விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கவில்லை. மரப்பு அவள் முழங்கையைத் தாண்டியது. தோளுக்கு வந்தது.

"அக்கா! விடுக்கா!"

கோலின் கண்ணைத் திறந்தாள். "எதைடி விடறது? இந்தக் கையாலயா உன்னைப் புடிச்சிட்டேன்?" சிரிக்கப் பார்த்தாள். அப்புறம்தான் கட்டுப் பிரித்த புண்ணைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது. "தண்ணி சிந்துனா இப்படி வட்டமாவா வேகும்? ஜோசி, நெஞ்சுல கை வச்சுச் சொல்லு. என் கைக்கு என்ன ஆச்சு?"

ஜோசலினின் கை எழவில்லை. அக்காவின் கைதான் எழுந்தது. மணிக்கட்டை விட்டுவிட்டு, மெதுவாக மேலே வந்து, ஜோசலினின் நெஞ்சின்மேல் விரிந்து படிந்தது. கோலின் அதையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு.

"ஃபிளாஸ்க் தண்ணிதான்க்கா." வாய் முந்திக்கொண்டது. "சத்தியமா."

கூரைமேல் சத்தம் நின்றது.

"ஜோசி..." அக்காவின் கண்களில் நீர் நிறைந்தது. "எனக்குத் தெரியுதுடி. சூடு தெரியுது. என் கையில ஏதோ துடிக்குது பாரு."

ஜோசலின் நெஞ்சுக்குள் தேடினாள். துடிப்பு இல்லை. மூச்சு வருகிறதா போகிறதா என்றுகூடத் தெரியவில்லை. குனிந்து பார்த்தாள். வெளுத்துக் கிடந்த அக்காவின் நகங்களில் ரத்தம் ஏறிச் சிவந்துகொண்டிருந்தது. எதையோ பத்திரமாகப் பிடித்துக்கொள்வதுபோல் விரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின.